காந்தளுக்கு ஒரு காதல்: திருநங்கை மந்திரவாதியை நாயகியாக்கிப் பகடித் தொடர் எழுத வருகிறவர்களுக்கு

மாயாஜாலக் கதையும் காதல் கதையும் கலந்த ஒரு தொடர். தான் ஒரு கதை என்று தெரிந்தே நடக்கிற கதை. அதன் நாயகி ஒரு மந்திரவாதி, ஒரு திருநங்கை. இப்படி ஒன்றை எழுத வேண்டும் என்ற ஆசையோடு நீங்கள் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் அப்படி ஒரு தொடரை எழுதி, முதல் ஆறு எபியையும் (எபிசோடையும்) ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதியவள். இரண்டாவது முறை எழுதும்போது எந்த வரிசையில் வேலை செய்தேனோ, அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

எதைப் பகடி செய்கிறோம்?

கதையைத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், இந்த வகைக் கதைகளில் படித்துப் படித்து நமக்கு மனப்பாடமாகிவிட்ட சங்கதிகள். மாயாஜாலப் பக்கம் என்றால் ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் இருக்கிற உயிர், சரியான நேரத்துக்கு ஒலிக்கிற அசரீரி, கூடுவிட்டுக் கூடு பாய்வது, பேசினால் மரமேறிவிடும் வேதாளம், மந்திரவாதி தூக்கிப்போன இளவரசி. காதல் தொடர்ப் பக்கம் என்றால் யாரிடமும் சிரிக்காத கோடீஸ்வர நாயகன், கட்டாயத் தாலி, ஒப்பந்தக் கல்யாணம், கதவோரம் நின்று பாதிப் பேச்சைக் கேட்டு நாற்பது எபிக்கு நீள்கிற மனத்தாங்கல், அருவியில் குளிக்கிற நாயகியைப் புதர் மறைவிலிருந்து பார்க்கிற நாயகன்.

வலது பக்கம், இதில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்தவை. இதை நிரப்பாமல் மேலே போகாதீர்கள். வேதாளம் கேட்கிற கேள்விகள் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும் என்ற இக்கட்டைவிட நல்ல இக்கட்டை ஒரு நாயகிக்கு யார் கொடுத்துவிட முடியும்? பிடித்ததைத்தான் பகடி செய்ய முடியும். பிடிக்காததை எடுத்தால் கதை வெறும் திட்டாகப் போய்விடும்.

அப்புறம் அந்தத் தாளின் அடியில், கொட்டை எழுத்தில், இந்தக் கதையில் எதைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது என்று எழுதிவையுங்கள்: நாயகியின் உடல், குரல், நடை, கைதட்டல், அவள் பெண் என்பது. நம் சினிமாவில் பல வருடங்களாகத் திருநங்கைப் பாத்திரம் என்றாலே இதையெல்லாம் வைத்துத்தான் சிரிப்பு மூட்டினார்கள். வாசகர் அந்தப் பழக்கத்தோடுதான் உங்கள் கதைக்குள் வருகிறார். பகடி என்று பெயர் போட்டதும் அவர் மனம் பழைய இடத்துக்கே போகும். அதை வேறு இடத்துக்குத் திருப்புவது உங்கள் பொறுப்பு. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஒரு நகைச்சுவை வரியை எழுதியதும், நாயகி திருநங்கை அல்ல என்று வைத்துப் படித்துப் பார்ப்பேன். அப்போதும் சிரிப்பு வந்தால் வரி இருக்கலாம். வராவிட்டால், அந்தச் சிரிப்பு அவளைப் பார்த்துத்தான் வந்தது. அடித்துவிடுவேன்.

சொல்லும் வினைமுற்றும்

'மந்திரவாதி' என்ற சொல்லில் ஒரு வசதி, ஒரு சிக்கல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் என்பது வசதி. நம் கதைகளில் மந்திரவாதி என்றாலே மண்டையோடும் கருஞ்சால்வையுமாக வருகிற வில்லன் என்பது சிக்கல். பகடிக்கு அந்தச் சிக்கலே நல்ல சரக்கு. ஊரார் அவளைத் தேடி வந்து, "மந்திரவாதி எங்கே?" என்று அவளிடமே கேட்கட்டும், அவள் பெயர்ப்பலகையைக் காட்டட்டும். 'சூனியக்காரி' மட்டும் வேண்டாம். அந்தப் பெயரைச் சூட்டிப் பெண்களை அடித்த, கொன்ற செய்திகள் நம் நாட்டில் இன்றும் வருகின்றன. சிரிப்புக் கதை அந்தச் சொல்லைத் தாங்காது.

திருநங்கை, திருநம்பி என்ற சொற்களை அப்படியே பயன்படுத்துங்கள். சென்னை உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றை ஒட்டி, 2022இல் தமிழ்நாடு அரசு பாலினம் பற்றிய மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. கற்பனை நாட்டுக்கென்று புதுச்சொல் உருவாக்க நினைப்பவர்கள் உண்டு. நான் தடுக்க மாட்டேன். ஆனால் படிக்கிற ஒரு திருநங்கை, இது தன்னைப் பற்றிய கதை என்று முதல் பக்கத்திலேயே கண்டுகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இனி வினைமுற்றுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் பெயரைச் சொல்லியே பல வாக்கியங்களை ஓட்டிவிடலாம். தமிழில் படர்க்கையில் எழுதினால் பெரும்பாலான வாக்கியங்கள் வந்தான், வந்தாள் என்று முடிகின்றன. மரியாதைக்குரிய 'வந்தார்' இல்லாமல், பாலைச் சொல்லாமல் தப்புவது கஷ்டம். ஆகவே ஒரு முடிவு எடுங்கள், கதை முழுக்க மாற்றாதீர்கள். என் நாயகி ஏழு வயதில் ஆற்றங்கரையில் மீன் பிடித்த காட்சியிலும் அவள் 'பிடித்தாள்'தான். அன்றைக்கு ஊர் அவளை என்னவென்று அழைத்தது என்பது ஊரின் அறியாமை. கதைசொல்லி ஊரோடு சேர்ந்துகொள்ள வேண்டியதில்லை. பழைய பெயரையும் எங்கும் சொல்லாதீர்கள். அது இல்லாமல் கதையில் எந்த ஓட்டையும் விழாது. வில்லன் அவளை 'அவன்' என்று சொல்கிற இடம் வேண்டுமானால் ஒரே ஒருமுறை வரட்டும், அந்த ஒருமுறைக்கே கதையில் விளைவு இருக்கட்டும்.

தன்மையில் எழுதினால் 'வந்தேன், போனேன்' என்று பால் தெரியாமலே ஓட்டலாம். அதைப் பார்த்ததும், நாயகி திருநங்கை என்பதைக் கடைசிவரை மறைத்து ஒரு திருப்பமாக வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். அவள் வாழ்க்கை உங்கள் கதைக்கு அதிர்ச்சிப் பொருள் ஆகிவிடும்.

இது புதிதாக வந்த விஷயம் என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தைக் காட்டுங்கள். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையில் வைத்து, மற்ற மனிதர்களுக்கு உள்ள வினைமுடிபுதான் இவர்களுக்கும் என்கிறது அது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று பேடு. அதை முதலில் ஆடியவன் காமன் என்கிறது கடலாடு காதை. காதலுக்கான தெய்வமே பெண்மைக் கோலத்தில் ஆடிய ஆட்டம்! காதல் கதை எழுத வந்த நமக்கு இதைவிட நல்ல முன்னோடி எங்கே கிடைக்கும்? என் தொடரில் நாயகியின் குருகுலச் சுவரில் அந்த ஆட்டம் ஓவியமாக இருக்கிறது.

சாபத்தைத் தூக்கி எறியுங்கள்

நம் பழங்கதைகளில் பால்மாற்றம் பெரும்பாலும் சாபமாகவோ வேடமாகவோதான் வரும். தடை செய்யப்பட்ட வனத்துக்குள் போய்ப் பெண்ணான இளன் என்ற அரசன், ஊர்வசியின் சாபத்தால் ஒரு வருடம் பிருகன்னளையாக இருந்த அர்ச்சுனன். சாபம் என்றால் விமோசனம் வரும், கடைசியில் எல்லாம் 'சரியாகிவிடும்'. உங்கள் பகடி முதலில் குத்த வேண்டியது இந்த இடத்தைத்தான்.

ஒரு முனிவர் வருகிறார். கமண்டலத்தைத் தூக்குகிறார். "மகளே, உன் சாபத்தை நீக்க வந்தேன்." நாயகி சொல்கிறாள்: "என்ன சாபம், சாமி? எனக்கு ஒன்றும் இல்லையே. பக்கத்து வீட்டில் ஒரு தவளை இருக்கிறது, பாவம், அதைப் பாருங்கள்." இந்த நகைச்சுவையில் அடி வாங்குவது முனிவரின் அவசரம், சாப விமோசனம் என்ற பழைய சூத்திரம். அவள் நிமிர்ந்தே நிற்கிறாள்.

என் நாயகியின் பெயர் காந்தள். அவளே தேர்ந்தெடுத்த பெயர். செங்காந்தள் மொட்டு பச்சையாக வரும், இதழ் விரியும்போது மஞ்சள் ஏறும், பிறகு நுனியிலிருந்து அடிவரை சிவந்துவிடும். யாரும் சபிக்கவில்லை, பூ தன் போக்கில் சிவக்கிறது. உங்கள் நாயகியின் பெயருக்கும் இப்படி ஒரு காரணம் தேடுங்கள். திருநங்கைகள் பலர் தங்கள் பெயரைத் தாங்களே யோசித்துச் சூட்டிக்கொள்கிறார்கள். அகராதியைப் புரட்டி முதலில் கிடைத்த அழகான பெயரை வைக்கிற வேலை அல்ல அது.

மந்திரத்தால் எது முடியும், எது முடியாது

முதல் எபியிலேயே வாசகர் கேட்கப்போகிற கேள்வி இது: மந்திரவாதியாயிற்றே, ஒரு சொடுக்கில் தன் உடலை மாற்றிக்கொள்ளலாமே? பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள்.

மூன்று வழிகள் எனக்குத் தெரிகின்றன. மாற்றமெல்லாம் கதை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது, இப்போது அவள் கவலை வேறு என்று வைக்கலாம். மந்திரம் பிறர்மேல்தான் செல்லும், தன்மேல் செல்லாது என்று விதி போடலாம். மூன்றாவதுதான் என் வழி. தினமும் ஒரு கஷாயம். உண்மையில் ஹார்மோன் எடுக்கிற திருநங்கைகளுக்கு ஒரே நாளில் எதுவும் நடந்துவிடுவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உடல் மாறுகிறது. அந்தப் பொறுமையை மாயாஜாலக் கதைக்குள் கொண்டுவந்தால் கதைக்கே ஒரு கனம் வருகிறது. காந்தள் அரக்கனோடு சண்டைக்குப் போனாலும் மூட்டையில் கஷாயக் குப்பி இருக்கும். கதையில் அதைப் பற்றி நீண்ட விளக்கம் கிடையாது. பல் துலக்குவதுபோல அவள் குடிப்பாள், அவ்வளவுதான்.

இன்னொன்று குரல். ஒருமுறை உடைந்த குரலை ஹார்மோன் மெல்லியதாக மாற்றாது, பெரும்பாலும் பயிற்சியால்தான் மாற்றுகிறார்கள். மந்திரமோ வாயால் சொல்வது. இதைப் பலர் சோகமாக்கிவிடுவார்கள், நான் வேறு விதமாக எடுத்தேன். மந்திரத்துக்கு வேண்டியது உச்சரிப்பும் மூச்சும், குரலின் உயரம் அல்ல. நாள் முழுக்கக் குரலைப் பழக்குகிற ஒருத்திக்கு மூச்சைப் பற்றி மற்ற மாணவர்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். குருகுலத்திலேயே சிறந்த மாணவி ஆவதற்கு அது போதுமே.

கலையில் ஊறிய ஒரு திருநங்கையின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அறிய, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜின் பேட்டிகளைத் தேடிப் பாருங்கள். குருவைப் பற்றியும் நாட்டியத்தைப் பற்றியும் அவர் பேசும்போது ஒரு சாதகரின் மனம் புரியும். உங்கள் மந்திரவாதிக்கும் அப்படித் தன் வித்தைமேல் பித்து இருக்க வேண்டும். திருநங்கை சமூகத்தின் ஜமாத்திலும் குரு, சேலா (சீடர்), நானி (குருவின் குரு) என்று உறவுமுறை உண்டு. மந்திரக் குருகுலத்தோடு அதை இணைக்கலாம், இயல்பாகப் பொருந்தும். ஆனால் சடங்குகளையும் உள்வட்டச் சொற்களையும் யாரிடமும் கேட்காமல் அலங்காரத்துக்கு அள்ளிப் போடாதீர்கள். வீடு இழந்தவர்களுக்கு வீடாக அமைந்த உறவு அது.

கட்டியங்காரனைக் கூப்பிடுங்கள்

தன்னைத் தானே அறிந்த கதைக்கு வெளிநாட்டு உத்தி எதுவும் தேட வேண்டாம். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா வருவதை அறிவிப்பான், ராஜாவையே கிண்டல் செய்வான், கூத்து நடக்கும்போதே நம்மைப் பார்த்துப் பேசுவான். என் தொடரின் கதைசொல்லி அவன்தான். சூத்திரப்படி கதையை ஓட்டப் பார்ப்பது அவன், ஓடவிடாமல் நிறுத்துவது காந்தள். அருவிக் காட்சியை இப்படி எழுதினேன்:

கட்டியங்காரன் தொண்டையைக் கனைத்தான். "மூன்றாம் அத்தியாயம். இப்போது நாயகி அருவியில் நீராடுவாள். நாயகன் புதருக்குப் பின்னால் நின்று..."

"நான் காலையிலேயே வெந்நீரில் குளித்துவிட்டேன்," என்றாள் காந்தள்.

"புதருக்குப் பின்னால் நின்று..."

"அவரை வெளியே வரச் சொல்லுங்கள். அங்கே எறும்புப் புற்று இருக்கிறது."

மாறன் குதித்து வெளியே வந்தான். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையால் காலைத் தட்டிக்கொண்டிருந்தான். "வழி தெரியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். கஞ்சி கொண்டுவந்தேன். நேற்று முழுக்க மந்திரம் சொல்லித் தொண்டை கட்டியிருந்ததே உங்களுக்கு."

காந்தள் தூக்குவாளியைப் பார்த்தாள். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. கட்டியங்காரன் வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் சும்மா இருங்கள், அண்ணே," என்றாள் அவள்.

இந்தக் காட்சியில் எனக்கு முக்கியம் கடைசி வரி. பகடி எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். சிரிக்க வைக்கிற வேகத்தில் காதலையும் சேர்த்துக் கிண்டல் செய்துவிடுவார்கள். அப்புறம் அந்த இரண்டு பேரும் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்று வாசகருக்கு ஆகிவிடும். காதல் வருகிற இடத்தில் கட்டியங்காரன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் தொடரில் அவன் ஐந்து இடங்களில் மௌனமாகிறான். அந்த ஐந்தையும் சேர்த்துப் படித்தால் முழுக் காதல் கதையும் அதிலேயே இருக்கும். எழுதத் தொடங்கும் முன்பே அந்த மௌனங்கள் எங்கெங்கே என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நாயகனைத் தியாகி ஆக்காதீர்கள்

மாறன் சுங்கச்சாவடியில் கணக்கு எழுதுகிறவன். இளவரசன் இல்லை, சாபம் இல்லை, கோடி இல்லை. அவனுக்குக் காந்தளைப் பிடித்திருக்கிறது. ஏன் பிடித்திருக்கிறது என்பதை எழுதுங்கள்: அவள் வாதம் செய்கிற விதம், தப்பான மந்திரத்தைத் திருத்தும்போது நெற்றியில் விழுகிற கோடு, அவளுடைய கை. ஆசையும் இருக்கட்டும். அவள் ஒரு பெண், அவளை ஒருவன் விரும்புகிறான்.

'இப்படிப்பட்டவளையும் ஏற்றுக்கொண்டான்' என்ற தொனி ஒரு வாக்கியத்தில்கூட வரக்கூடாது. யாரோ அவனைப் பெரிய மனசுக்காரன் என்று புகழ்ந்தால், அவனுக்கே அது புரியாமல் போகட்டும். 'உண்மை தெரிந்து நாயகன் அதிர்கிறான்' என்ற காட்சியும் வேண்டவே வேண்டாம். மாறனுக்கு முதல் நாளே தெரியும். ஊருக்கே தெரியும். அவர்களுக்கு நடுவே வருகிற தடை வேறு எங்கிருந்தோ வரட்டும். என் கதையில், அவன் கணக்கில் கண்டுபிடித்த திருட்டு காந்தளின் குருவைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு பேரும் சரி, இரண்டு பேருக்கும் வலி. பதினெட்டு எபி அதிலேயே ஓடியது.

முடிவு

கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. பாரதப் போருக்கான களப்பலிக்கு முன் ஒருநாளாவது மணவாழ்வு வேண்டும் என்று கேட்ட அரவானை, மோகினியாக வந்து கண்ணன் மணந்த கதைதான் அங்கே சடங்காக நிகழ்கிறது. திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுகிறார்கள். நெஞ்சை உலுக்குகிற சடங்கு. அதன் பக்தியைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நம் இலக்கியமும் சினிமாவும் திருநங்கையின் காதல் என்றாலே ஒருநாள் தாலி, மறுநாள் ஒப்பாரி என்று அந்த ஒரே முடிவையே பிடித்துக்கொண்டது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் தொடருக்குச் சந்தோஷமான முடிவு கொடுங்கள். காதல் தொடர் படிக்கிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். அந்தச் சந்தோஷம் இவளுக்கு மட்டும் ஏன் இல்லை?

கல்யாணக் காட்சிக்கு யோசனை வேண்டுமா? 2018இல் தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகம் அதைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஒரு கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லுக்குச் சக்தி உண்டு என்று நம்புகிற மந்திரவாதிக்கு இதைவிடப் பொருத்தமான இறுதிப் போர் எது? காந்தள் கடைசி எபியில் அரக்கனோடு மோதவில்லை. அரண்மனைப் பதிவேட்டின் முன் உட்கார்ந்து 'மணமகள்' என்ற ஒரு சொல்லோடு மூன்று இரவு போராடுகிறாள். விடியும்போது ஏட்டில் அந்தச் சொல் தானாக விரிகிறது.

வெளியிடும் முன்

பிரதிலிபி போன்ற கதைத் தளத்தில் போடுகிறீர்களோ, தனித் தளத்திலோ, குறைந்தது பத்து எபியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாரம் இரண்டு யூடி (அப்டேட், அதாவது புதுப் பகுதி) என்று சொன்னால் இரண்டு கொடுங்கள். கருத்துப் பகுதியில் வசை வந்தால் நீக்கிவிடுங்கள், விவாதம் வளர்க்க வேண்டாம். அதைப் படிக்கப்போவது நீங்கள் மட்டும் அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு திருநங்கையிடம் படிக்கக் கொடுங்கள். அவர் நேரத்துக்கு உரிய பணமும் கொடுங்கள். என் முதல் ஆறு எபியையும் தோழி ஒருவர் படித்தார். படித்து முடித்து, தாளை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க நாயகி கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருக்காளேக்கா. அவளுக்கு வேற வேலையே இல்லையா?" எண்ணிப் பார்த்தேன். ஆறு எபியில் ஒன்பது கண்ணாடிக் காட்சிகள். அவளுடைய மந்திரம் என்ன, பகை என்ன, எதைக் கண்டால் சிரிப்பாள் என்று ஒன்றுமே நான் எழுதியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் ஆறையும் ஒதுக்கிவைத்தேன்.

புதிதாக எழுதியதை நான்கு மாதம் கழித்துக் கொண்டுபோனேன். அருவிக் காட்சிவரை சத்தம் போட்டுப் படித்தார். நிறுத்தி, என்னைப் பார்த்து, "அந்தக் கஞ்சிக்குத் தொட்டுக்க அவன் என்ன கொண்டுவந்தான்?" என்று கேட்டார். அன்று ராத்திரியே மாறன் கையில் ஒரு மோர்மிளகாய்ப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டேன்.